மரிலா ரொடோவிச்: ஊர் இல்லாத நாட்டுப்புறப் பாடகி

போலந்து என்றதும் பெரும்பாலானோருக்கு நாலைந்து பெயர்கள்தான் ஞாபகத்துக்கு வரும். கோப்பர்நிகஸ், ஷோபான், மேரி க்யூரி, போப் இரண்டாம் ஜான் பால், லேக் வலேசா. கால்பந்து பார்ப்பவர்கள் லெவன்டோவ்ஸ்கியைச் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் போலந்துக்காரர்கள் ஒரு கல்யாண வீட்டிலோ, காட்டோரத்தில் தீ மூட்டிக்கொண்டோ கிதாரும் கையுமாக உட்கார்ந்தால் இவர்களில் யாரைப் பற்றியும் பாடுவதில்லை. அங்கே ஒலிப்பதில் பாதிக்குப் பாதி மரிலா ரொடோவிச்சின் பாட்டாக இருக்கும். தாத்தாவுக்கும் பேத்திக்கும் ஒரே நேரத்தில் வரிகள் மனப்பாடமாக இருக்கிற பாட்டுகள் எந்த நாட்டிலும் குறைவு. போலந்தில் அப்படிப்பட்ட பாட்டுகளில் நிறைய இவருடையவை.

இவ்வளவு பிரியம் இருந்தும், விமர்சகர்கள் அவர் மேல் திரும்பத் திரும்ப மூன்று குற்றச்சாட்டுகளை வைக்கிறார்கள்.

ஒன்று, இவர் பாடுவது உண்மையான நாட்டுப்புற இசை கிடையாது, மேடைக்காகச் செய்த போலி. இரண்டு, இவர் சொந்தமாக எழுதுபவர் இல்லை, அடுத்தவர் எழுதியதைப் பாடிப் பெயர் வாங்கியவர். மூன்று, எந்த ஆட்சி வந்தாலும் அதன் மேடையில் ஏறிப் பாடியவர்.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறொரு விஷயம் தெரிய வருகிறது. ஒரு நாட்டுப்புறப் பாட்டு எப்படிப் பிறக்கிறது என்பதும், அதைச் சுமந்த ஆளுக்கு அந்த நாடு என்ன கொடுத்தது என்பதும்தான் அது.

எங்கிருந்து வந்தார்?

மரிலா பிறந்தது 1945 டிசம்பர் 8இல், ஜெலோனா குரா என்ற ஊரில். அந்த வருடத்தையும் ஊரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே 1945 வரைக்கும் அந்த ஊர் ஜெர்மனியில் இருந்தது. பெயர் க்ரூன்பெர்க். போர் முடிந்து எல்லைகளை மேற்கே நகர்த்தியபோது ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள், கிழக்கே தங்கள் ஊர்களை இழந்த போலந்துக்காரர்கள் அங்கே வந்து இறங்கினார்கள். ரொடோவிச் குடும்பமும் அப்படி வந்ததுதான். அவர்களுடைய சொந்த ஊர் வில்னியூஸ். இன்று அது லிதுவேனியாவின் தலைநகரம்.

ஆக, 'நாட்டுப்புறப் பாடகி' என்று பெயர் வாங்கியவருக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு கிராமமே கிடையாது. பிறந்த ஊரில் எல்லோரும் புதுசு. பெரியவர்கள் பேசிக்கொண்ட ஊருக்குத் திரும்பிப் போக முடியாது. வளர்ந்தது மூன்றாவதாக ஓர் ஊரில், விஸ்துலா ஆற்றங்கரையில் இருக்கும் வுவோட்ஸ்வாவெக்கில். அன்றைய போலந்தில் இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமில்லை, லட்சக்கணக்கான குடும்பங்கள் இப்படித்தான் வேர் அறுந்து புது இடத்தில் நின்றன.

இசைக் கல்லூரியிலும் அவர் படிக்கவில்லை. பள்ளி நாட்களில் தடகள வீராங்கனை. பிறகு வார்சாவில் உடற்கல்வி அகாதமியில் சேர்ந்தார். ஐம்பது வருடம் மேடையில் நின்று, ஓடி, ஆடிப் பாடிய அந்தத் தெம்பு அங்கே வந்ததாக இருக்கலாம் :-)

1967இல் கிராக்கோவில் நடந்த மாணவர் பாடல் விழாவில் முதல் பரிசு. கிதாரை மாட்டிக்கொண்டு வந்த, நெற்றியில் முடி விழுந்த ஒரு மாணவி. அந்த வருடம் போலந்து இசைக்கு முக்கியமான வருடம். அதே 1967இல்தான் ஓபோலே விழாவில் செஸ்வாவ் நியெமென் தன் புகழ்பெற்ற எதிர்ப்புப் பாடலைப் பாடி நாட்டையே உலுக்கினார். ராக் இசை என்ற வார்த்தை அதிகாரிகளுக்குப் பிடிக்காததால் அங்கே அதற்கு 'பிக் பீட்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

எது நாட்டுப்புறம்?

முதல் குற்றச்சாட்டுக்கு வருவோம். 'போலி நாட்டுப்புறம்' என்று சொல்பவர்கள் அன்று 'அசல்' என்று எதைச் சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும்.

போருக்குப் பிறகு கம்யூனிச அரசு நாட்டுப்புறக் கலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1948இல் மசோவ்ஷே குழு, 1953இல் ஷ்லோன்ஸ்க் குழு. நூறு பேர் வரிசையாக நின்று, கச்சிதமாகத் தைத்த கிராமத்து உடையில், இசையமைப்பாளர் எழுதிக் கொடுத்தபடி நாலு குரலில் பாடுவார்கள். அழகாகத்தான் இருக்கும். திறமைக்கும் குறைவில்லை. ஆனால் எந்தக் கிராமத்திலும் யாரும் அப்படிப் பாடியதில்லை. அரசாங்கத்தின் அங்கீகாரம் பெற்ற அந்த 'அசல்' வெளிநாட்டு விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்கான சரக்கு.

இன்னொரு பக்கம் இளைஞர்கள் எலக்ட்ரிக் கிதாரோடு நாட்டுப்புற மெட்டைக் கலக்க ஆரம்பித்தார்கள். கிராக்கோவின் ஸ்கால்டோவியே குழு மலைவாசிகளின் இசையை எடுத்துக்கொண்டது. லோட்ஸ் நகரத்தில் 1967இல் தொடங்கிய 'நோ டோ ட்சோ' குழு கிராமத்து மெட்டுகளை பாப்பாக மாற்றியது. மரிலா வந்து சேர்ந்தது இந்த அலையில்.

ஆனால் அவர் எடுத்தது வயல்வெளியை அல்ல. சந்தை, திருவிழாக் கடை, ரயில் பெட்டி, நாடோடி வண்டி, ஊர் வம்பு, குடித்துவிட்டு அழுகிற விருந்து. நகரத்துக்குக் குடிபெயர்ந்த ஒரு நாட்டில் மிச்சமிருந்த நாட்டுப்புறம் எதுவோ அது.

குரலும் அதற்கு ஏற்றதுதான். பயிற்சி பெற்ற வழவழப்பு கிடையாது. கொஞ்சம் கரகரப்பு, நெஞ்சிலிருந்து நேராக வரும் சத்தம், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும் உச்சரிப்பு. சரணத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்கிற மாதிரி ஆரம்பிப்பார். பல்லவி வந்ததும் கதவைத் திறந்துவிட்ட மாதிரி கூட்டம் முழுவதும் உள்ளே வந்துவிடும். பெரிய சங்கதிகள் இருக்காது. யார் வேண்டுமானாலும் கூடப் பாடலாம். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. தனியாக ஒருவர் பாட வேண்டிய பாட்டுக்கும் எல்லோரும் சேர்ந்து பாட வேண்டிய பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்து பாடினார் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

உடை தனிக் கதை. ஆரம்பத்தில் ஹிப்பி பாணி, நீள முடி, கிதார். போகப் போக இறகு, ஜிகினா, ராட்சதத் தலைப்பாகை, விவசாயிப் பெண் பாவாடையின் பெரிதுபடுத்திய வடிவம். ரசனை இல்லை என்று பத்திரிகைகள் திட்டின. கடையில் சாம்பல் நிறத்தைத் தவிர வேறெதுவும் கிடைக்காத நாட்டில், ஒருத்தி மேடையில் வந்து நின்றாலே திருவிழா மாதிரி இருந்தது என்றால் ஜனங்கள் அதைப் பார்க்காமல் என்ன செய்வார்கள்?

வண்டிகளும் ஒரு தோட்டமும்

1970இல் ஓபோலே விழாவில் வண்ண வண்டிகளில் பயணம் போகும் நாடோடிகளைப் பற்றி அவர் பாடிய 'யாடோ வோசி கொலொரோவே' நாடு முழுவதும் பரவியது. கேட்க உற்சாகமான பாட்டு. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கசப்பான தகவல் இருக்கிறது. அதற்கு ஆறு வருடம் முன்பு, 1964இல், போலந்து அரசு ரோமா மக்களின் நாடோடி வாழ்க்கையை முடித்துவைக்கும் நடவடிக்கையில் இறங்கியது. காவல்துறையை வைத்து வண்டிகளை நிறுத்தி, ஓரிடத்தில் குடியேற வைத்தார்கள். வரலாற்றில் அதற்கு 'பெரிய நிறுத்தம்' என்று பெயர். அதாவது நாடே வண்டிகள் போவதைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தபோது, சாலையில் அந்த வண்டிகளை ஓட அரசு விடவில்லை.

பாட்டு அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தணிக்கையைத் தாண்டியிருக்காது. இதை ஒரு குறையாக வைப்பதில் நியாயம் உண்டு. ரோமா மக்கள் பட்ட கஷ்டத்தின் மேல் அழகான ஒரு படத்தை ஒட்டிய மாதிரிதான் ஆகிறது. ஆனால் சாலையில் இல்லாமல் போன வண்டி, பல கோடி வாயில் மிச்சமிருந்தது அந்தப் பாட்டால்தான். இரண்டையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும்.

அவருடைய மிகப் பெரிய பாட்டு 1973இல் வந்தது. 'மவ்கோஷ்கா.' காதலன் கைவிட்ட ஒரு பெண்ணுக்கு அவள் வட்டாரத்துப் பெண்கள் ஆறுதல் சொல்கிற பாட்டு. மெட்டு கட்டஜினா கெர்ட்னெருடையது. 1968இல் தேவாலயத்தில் பாடும் பலிபூசை இசையையே பிக் பீட் பாணியில் எழுதிக் காட்டிய துணிச்சல்காரர் அவர். வரிகள் கவிஞர் அக்னியெஷ்கா ஒஷியெட்ஸ்காவுடையவை.

மவ்கோஷ்காவைக் கேட்கிறவர்கள் அது ஏதோ கிராமத்துப் பாட்டு என்றுதான் நினைப்பார்கள். மெட்டில் அந்தக் காரம் இருக்கிறது. ஊர்ப் பெண்கள் கூடி நின்று ஒருத்திக்குப் புத்தி சொல்வது உலகம் முழுவதும் பழைய நாட்டுப்புற முறை. ஆனால் பாட்டு நடக்கும் இடம் சாஸ்கா கெம்பா. அது வார்சாவில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற, தோட்ட வீடுகள் நிறைந்த நகர்ப்பகுதி. ஒஷியெட்ஸ்கா குடியிருந்த பேட்டையே அதுதான். அந்தப் பகுதியின் ஃபிரான்சுஸ்கா தெருவில் 2007 முதல் அவருக்குச் சிலை இருக்கிறது. காபிக்கடை மேசையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

ஆக, போலந்தின் புகழ்பெற்ற 'நாட்டுப்புறப் பாட்டு' பிறந்தது வார்சாவின் ஒரு தோட்டப் பேட்டையில். எழுதியவர் திரைப்படக் கல்லூரியில் படித்த கவிஞர். மெட்டுப் போட்டவர் இசை படித்தவர். பாடியவர் ஊரே இல்லாத குடும்பத்துப் பெண். போலி என்று சொல்ல எல்லாக் காரணமும் இருக்கிறது. ஆனால் ஐம்பது வருடமாகக் கல்யாணங்களில் பாடப்படுகிறது, எழுதியவர் பெயரே தெரியாதவர்களும் பாடுகிறார்கள். ஒரு பாட்டு நாட்டுப்புறமாவதற்கு இதைவிட வேறு என்ன தகுதி வேண்டும்? பழைய கிராமத்துப் பாட்டையும் முதலில் யாரோ ஒருத்தர் கட்டியிருப்பார் அல்லவா? அவர் பெயர் மறந்துபோனது, அவ்வளவுதான்.

அடுத்த வருடம் 1974 ஜூன் 13. மேற்கு ஜெர்மனியில் உலகக்கோப்பை கால்பந்துத் தொடக்க விழா, ஃபிராங்க்ஃபர்ட் மைதானம். போலந்தின் சார்பில் மரிலா நின்று பாடினார். பாட்டின் பெயரே 'ஃபுட்பால்' என்பதன் போலிஷ் வடிவம்தான். அந்தப் போட்டியில் போலந்து யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு ஆடியது. க்ரெகோஜ் லாடோ 7 கோல் போட்டார், பிரேசிலை 1-0 என்று வென்று மூன்றாம் இடம். அந்த கோடைக்காலத்தைப் பற்றிப் பேசும் போலந்துக்காரர்களின் ஞாபகத்தில் அணியோடு சேர்த்து இந்தப் பாட்டும் வந்துவிடும்.

எழுதாதவர் கலைஞரா?

இரண்டாவது குற்றச்சாட்டு: இவர் எழுதுவதில்லை.

உண்மைதான். ஆனால் இவருக்காக எழுதியவர்களைப் பாருங்கள். 2000க்கும் மேற்பட்ட பாடல் வரிகளை எழுதிய ஒஷியெட்ஸ்கா. யோனாஷ் கோஃப்டா. 'செர்வோனே கிதாரி' குழுவின் செவெரின் க்ரயெவ்ஸ்கி. ரஷ்ய மொழியின் ஒகுஜாவா, விசோட்ஸ்கி பாட்டுகளையும் போலிஷில் பாடினார். இத்தனை வகைப்பட்டவர்கள் எழுதியது எல்லாம் கடைசியில் ஒரே ஆளின் பாட்டு மாதிரி கேட்கிறது என்றால், அந்த ஆள் வெறும் ஒலிபெருக்கியாக இருக்க முடியாது. எது தன் வாயில் நிற்கும், எது கூட்டத்தின் வாய்க்குப் போகும் என்று தேர்ந்தெடுப்பதும் ஒரு வேலைதான். வாடிக்கையாளரைத் தெரிந்து சரக்கு எடுக்கிற வியாபாரிக்கு நாம் கொடுக்கிற மரியாதையை ஏன் பாடகருக்குக் கொடுப்பதில்லை?

1978இல் வந்த 'ரெமெடியும்' இதற்கு நல்ல உதாரணம். எழுதியவர் மக்தலேனா சாபின்ஸ்கா, மெட்டு க்ரயெவ்ஸ்கி. எங்கே போகிறது என்றே கேட்காமல் ஒரு ரயிலில் ஏறிவிடலாமா என்கிற ஆசைதான் பாட்டு. சாதாரணமாகக் கேட்டால் ஒரு சின்ன சோகப் பாட்டு. ஆனால் அன்றைய போலந்தில் பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. மேற்கே போக வேண்டுமென்றால் விண்ணப்பித்து, அனுமதி வாங்கி, போய் வந்ததும் அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த ஜனங்களுக்கு 'ஏதோ ஒரு ரயில்' என்ற நினைப்பே என்னவாக இருந்திருக்கும்! தணிக்கைக்காரர் அதில் அடிக்க ஒரு சொல் இல்லை. கேட்கிறவர்களுக்குப் புரியாத ஒரு சொல்லும் இல்லை. அந்த இடைவெளியில் நின்று பாடுவதற்குக் குரலில் கோபமும் கூடாது, கெஞ்சலும் கூடாது. மரிலா அதை ஒரு பெருமூச்சு மாதிரி பாடினார்.

1980களின் நடுவில் ஒஷியெட்ஸ்காவும் க்ரயெவ்ஸ்கியும் சேர்ந்து கொடுத்த 'நியெஹ் ஜியே பால்' இன்னொன்று. வாழ்க்கையை ஒரே ஒரு தடவை அழைப்பு வரும் நடன விருந்தாகப் பார்க்கிற பாட்டு. 1981 டிசம்பரில் இராணுவச் சட்டம் வந்து, 1983 ஜூலையில்தான் விலக்கப்பட்டது. கடைகளில் ரேஷன் அட்டை. அப்படிப்பட்ட நாட்டில் விருந்தைப் பற்றிய பாட்டு வெறும் கேளிக்கையாகக் கேட்டிருக்காது. 1997 மார்ச் 7இல் ஒஷியெட்ஸ்கா இறந்துபோனார். அவர் எழுதியது இன்றும் புழங்குவதற்கு மரிலாவின் தொண்டை ஒரு முக்கியமான காரணம்.

'மட்டமான ரசனை' என்ற முணுமுணுப்பும் இதோடு சேர்ந்ததுதான். 1977இல் சோபோட் விழாவில் பாடிய 'கொலொரோவே யார்மார்க்கி', திருவிழாக் கடைகளைப் பற்றியது. யானுஷ் லாஸ்கோவ்ஸ்கி மெட்டுப் போட்டுத் தானே பாடிவந்த பாட்டு. மரிலா பாடியதும் எல்லையைத் தாண்டிப் போய், ரஷ்ய மொழியில் வலேரி லியோன்டியெவ் பாடி சோவியத் நாடு முழுவதும் ஒலித்தது. 1994இல் சாப்பாட்டு மேசையில் பாடும் பழைய கூட்டுப் பாட்டுகளையெல்லாம் தொகுத்து ஓர் ஆல்பமே போட்டார். விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள், ஜனங்கள் வாங்கினார்கள். ஐந்து வருடம் கழித்து, 1999இல், கயாவும் கோரான் பிரேகோவிச்சும் சேர்ந்து பால்கன் இசையில் போட்ட ஆல்பம் போலந்தில் பேயாக விற்றபோது அதே விமர்சகர்களுக்கு நாட்டுப்புற பாப் நாகரிகமாகிவிட்டது!

கணக்கு

இனிமேல்தான் முக்கியமான விஷயம். பணம்.

அன்றைய போலந்தில் ஒரு பாடகருக்குச் சந்தை என்று எதுவும் கிடையாது. இசைத்தட்டு நிறுவனம் அரசுடையது. வானொலி அரசுடையது. தொலைக்காட்சி அரசுடையது. வெளிநாட்டில் பாட வேண்டுமென்றால் பாகார்ட் என்ற அரசு நிறுவனம் வழியாகத்தான் ஒப்பந்தம். விற்பவர்கள் பல பேர், வாங்குபவர் ஒருவரே என்ற நிலைமை. பொருளாதாரப் பாடத்தில் இதற்கு என்ன விளைவு என்று எழுதியிருக்குமோ அதுதான் நடந்தது. அதிகாரிகள் வைத்த தேர்வில் தேறி, எந்தப் பிரிவு கிடைக்கிறதோ அந்தப் பிரிவுக்குரிய தொகைதான் ஒரு கச்சேரிக்கு. வெளியே எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் பட்டியலில் இருப்பதுதான் ரேட்.

உரிமைத்தொகையின் கதை இன்னும் மோசம். பாட்டு எழுதுபவர்கள், மெட்டுப் போடுபவர்களுக்காக 'ஸைக்ஸ்' என்ற சங்கம் 1918லேயே வந்துவிட்டது. பாடுபவர், வாசிப்பவர் ஆகியோருடைய உரிமையைச் சட்டம் முறையாக ஏற்றுக்கொண்டதோ 1994 பிப்ரவரியில். 1967இல் பரிசு வாங்கியவருக்கு 1994 வரை எவ்வளவு என்று கழித்துப் பாருங்கள். 27 வருடம். மவ்கோஷ்கா, ரெமெடியும், நியெஹ் ஜியே பால் எல்லாமே அந்த 27 வருடத்துக்குள் வந்தவை.

ஓய்வூதியமும் அப்படித்தான். கச்சேரி கச்சேரியாகப் போடும் ஒப்பந்தத்தில் ஓய்வூதியத்துக்கான தொகை பிடிக்கப்படுவதில்லை. மாதம் தவறாமல் கட்டினால்தானே கடைசியில் வரும்? தனக்கு வரும் ஓய்வூதியம் ரொம்பக் குறைவு என்று மரிலா பேட்டிகளில் சொன்னபோது, 'இவ்வளவு சம்பாதித்தவருக்கு என்ன புலம்பல்' என்று கேலி செய்தவர்கள் அதிகம். அந்தக் கேலியில் ஓரளவு நியாயம் இருக்கிறது. அவர் ஏழை இல்லை, மேடையில் நல்ல சம்பளம் வாங்குபவர். ஆனால் அவர் பெரிய பெயர், சொன்னதும் செய்தியானது. அவருக்குப் பின்னால் கிதார் வாசித்தவர், டிரம்ஸ் அடித்தவர், கோரஸ் பாடியவர்களுக்கும் அதே ஒப்பந்தம், அதே சட்டம்தான். அவர்கள் சொன்னால் யார் அச்சடிப்பார்கள்? எழுபது வயதைத் தாண்டியும் அவர் மேடை ஏறியதைப் பார்த்து 'இன்னும் ஆசை விடவில்லை' என்று சொல்பவர்கள், பாடினால்தான் காசு என்று அமைத்துவைத்த ஏற்பாட்டையும் ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம்.

யாருடைய மேடை?

மூன்றாவது குற்றச்சாட்டுதான் கனமானது. எல்லா ஆட்சியிலும் பாடினார்.

ஆமாம், பாடினார். சோவியத் யூனியனில் அவருக்குப் பெரிய செல்வாக்கு. அரசுத் தொலைக்காட்சியில் கம்யூனிச காலத்திலும் பாடினார், பிறகும் பாடினார். 2017இல் இது பெரிய சர்ச்சையானது. அந்த வருடம் ஓபோலே விழாவில் அவருடைய ஐம்பதாண்டு மேடை வாழ்க்கைக்குச் சிறப்பு நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. அரசுக்கு எதிரான இயக்கத்தின் மேடையில் பாடிய கயாவை அதில் பாடவிடாமல் அரசுத் தொலைக்காட்சித் தலைமை தடுக்கிறது என்று மே மாதம் செய்தி வந்தது. தொலைக்காட்சி அதை மறுத்தது. ஆனால் கலைஞர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். கடைசியில் மரிலாவும் விலகினார், தன்னுடைய சொந்த விழாவிலிருந்தே. ஜூன் மாத விழா நடக்கவில்லை. செப்டம்பரில் அதே ஓபோலேயில் அதே தொலைக்காட்சி விழாவை நடத்தியபோது அவர் வந்து பாடினார்.

மே மாதம் கைதட்டியவர்கள் செப்டம்பரில் ஏசினார்கள். அது சரியா?

செப்டம்பரில் அவர் போகாமல் இருந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். இதில் சந்தேகம் வேண்டாம். கயாவுக்காக விலகியவர் நாலு மாதத்தில் திரும்பிப் போனது, விலகியதன் மதிப்பைக் குறைத்துவிட்டது. பாட்டு நன்றாக இருக்கிறது என்பதற்காக இதை மூடி மறைக்க வேண்டியதில்லை.

அதே நேரம், அவரை நியெமெனோடு ஒப்பிட்டு 'இவர் போராளி இல்லை' என்று தள்ளுவது அளவுகோலையே மாற்றிப் போடுவது. போராளி என்று அவர் என்றைக்கும் சொல்லிக்கொண்டதில்லை. கொடுங்கோல் நடக்கும் நாட்டில் எதிர்ப்புப் பாட்டு தேவை. அந்த நாட்டிலேயே சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்து, மறுநாள் மறுபடியும் வரிசையில் நிற்கப் போகிறவர்களுக்கும் ஒரு பாட்டு தேவைதான். முதலாவதைப் பாடுபவர் பாராட்டப்பட வேண்டியவர். இரண்டாவதைப் பாடுபவரைக் கேவலமாகப் பார்ப்பது, அதைக் கேட்டு நாளைக் கடத்திய ஜனங்களையே கேவலமாகப் பார்ப்பதாகும். மேடை யாருடையது என்பதை வைத்து மட்டும் முடிவு செய்தால், 1989க்கு முன்னால் போலந்தில் பாடிய கிட்டத்தட்ட எல்லோரையும் தள்ளிவைக்க வேண்டியிருக்கும். அரசுடையதாக இல்லாத பெரிய மேடை அப்போது தேவாலயத்துக்கு வெளியே எங்கே இருந்தது?

ஆக, மூன்று குற்றச்சாட்டையும் கூட்டிக் கழித்தால் கிடைப்பது இதுதான். மசோவ்ஷே குழுவை அரசு உருவாக்கியது, அரசு உடை தைத்துக் கொடுத்தது, 'இது நாட்டுப்புறம்' என்று முத்திரையும் குத்தியது. அதைப் பார்க்கத்தான் ஜனங்கள் போவார்கள். மரிலாவின் பாட்டுகளுக்கு அப்படி முத்திரை யாரும் குத்தவில்லை, ஜனங்களே எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் கல்யாணத்திலும் கருமாதியிலும் ரயில் பயணத்திலும் பாடிக்கொண்டார்கள். ஊரை இழந்து வந்த பல லட்சம் குடும்பங்களுக்குப் புது ஊரில் சேர்ந்து பாட ஒரு பாட்டு தேவைப்பட்டது. பழைய கிராமத்துப் பாட்டில் ஒருவர் ஊரின் வாசனை அடுத்தவருக்குத் தெரியாது. சந்தையும் ரயிலும் எல்லோருக்கும் தெரியும். ஊர் இல்லாத ஒரு பாடகி அவர்கள் எல்லோருக்கும் பொதுவானவராக ஆனதில் ஆச்சரியமே இல்லை.

அந்த ஜனங்கள் அவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டார்கள். ஐம்பது வருடமாகக் கூடவே பாடினார்கள். பாக்கி வைத்திருப்பது சட்டமும் அரசும்தான். 27 வருடம் ஒரு தலைமுறையின் பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் மேடைக்குப் பயன்படுத்திக்கொண்டு, உரிமைத்தொகையும் இல்லாமல் ஓய்வூதியமும் இல்லாமல் அனுப்பிவைத்த அந்தக் கணக்கை அடுத்த முறை மரிலாவின் ஜிகினா உடையைக் கேலி செய்ய உட்காருகிறவர்கள் ஒரு பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு ஆரம்பித்தால் நன்றாக இருக்கும்.

மரிலாவை இதுவரை கேட்காதவர்கள் மவ்கோஷ்காவில் தொடங்கலாம். மொழி புரியாது. பரவாயில்லை, இரண்டாவது தடவை பல்லவி வரும்போது வாய் தானாக முணுமுணுக்க ஆரம்பித்துவிடும்.